கருநீலப் பீட்டில், ரெண்டு பேர், ராத்திரி: முகமும் வண்டியும் சேர்ந்து வரமாட்டேங்குது

நிழல்பிடி:

வணக்கம். ஒரே ஒரு படத்துக்காக மூணு ராத்திரி முயற்சி பண்ணிட்டேன், மூணும் சரியா வரல. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க. விவரம் சொல்லாம கேட்டா பதிலும் பொதுவாத்தான் கிடைக்கும்.

என் நண்பனும் அவன் தங்கையும் 1963ஆம் வருஷத்து ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒண்ணு வெச்சிருக்காங்க. அவங்க அப்பா ஓட்டின வண்டி. அவர் போனதுக்கப்புறம் பதினாலு வருஷம் தார்ப்பாய்க்கு அடியிலயே கிடந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து அதை வெளியில இழுத்து, ஆறு வருஷம் பாடுபட்டு ஓட வெச்சாங்க. ரெண்டு பேருமே வேலைக்குப் போறவங்க. அதனால பிரிச்சது, துரு சுரண்டினது, திரும்ப மாட்டினது எல்லாமே ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான். நான் பல நாள் கூட உட்கார்ந்திருக்கேன். கம்பிக்கூண்டு போட்ட கைவிளக்கு ஒண்ண பின்னாடி இன்ஜின் மூடியில கொக்கி மாட்டித் தொங்க விட்டிருப்பாங்க. அவ கார்புரேட்டரைத் துடைச்சிட்டிருப்பா. அவன் கழட்டின நட்டு போல்ட்டையெல்லாம் டப்பா டப்பாவாப் பிரிச்சு, மேல பேர் எழுதி ஒட்டிட்டிருப்பான். அந்த வண்டி எனக்கு ராத்திரியிலதான் பழக்கம். அதனால படமும் ராத்திரியிலதான் வேணும்னு பிடிவாதமா இருக்கேன்.

வண்டி கருநீலம். பம்பர், வீல் கப், ஹெட்லைட் வளையம் எல்லாம் குரோம். ஷெட்டுக்கு முன்னாடி சிமென்ட் போட்ட திறந்த இடம் இருக்கு, அங்கதான் நிறுத்தறோம். தள்ளி ஒரு மஞ்சள் தெருவிளக்கு, வேற வெளிச்சம் கிடையாது.

முதல் ராத்திரி கேமரா மேலயே ஃபிளாஷ் மாட்டி எடுத்தேன். முகம் ரெண்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வந்துச்சு. பின்னாடி வண்டி இருக்கிறதே தெரியல, நம்பர் பிளேட் மட்டும் பளீர்னு மின்னுச்சு. ரெண்டாவது ராத்திரி ட்ரைபாட் வெச்சு 10 வினாடி ஷட்டர். வண்டி ரொம்ப அழகா வந்துச்சு, முகம் ரெண்டும் கலைஞ்சு போச்சு. மூணாவது தடவை ஹெட்லைட் போடச் சொன்னேன். படத்துல ரெண்டு வெள்ளை ஓட்டை மாதிரி விழுந்துச்சு. இருபது நிமிஷத்துல பேட்டரி இறங்கி, மூணு பேரும் வண்டியத் தள்ளி ஷெட்டுக்குள்ள விட்டோம். தள்ளும்போது அவ பேசவே இல்ல. வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு அவளுக்குப் பயம். எனக்கு அது இன்னும் மனசுல நிக்குது.

கையில இருக்கிறது: மிரர்லெஸ் கேமரா, 24 மி.மீ. லென்ஸ், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஒரு ஃபிளாஷ், அதைத் தள்ளி வெச்சு அடிக்க ஒரு ரேடியோ டிரிகர், ட்ரைபாட். இதை வெச்சே முடியுமா? எங்க தப்புப் பண்றேன்?

மெதுஷட்டர்:

உங்களிடம் இருப்பதே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

நண்பரே, முதலில் அந்த நீலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. மெருகு போட்ட கரும் பெயின்ட் கண்ணாடிக்குச் சமம். அதன்மேல் எவ்வளவு வெளிச்சம் அடிக்கிறோம் என்பதைவிட, அதற்குள் எது பிரதிபலிக்கிறது என்பதுதான் படத்தில் தெரியும். பீட்டிலில் தட்டையான இடமே கிடையாது. கேமரா மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் வெளிச்சம் அந்த வளைவுகளில் பட்டு நாலாபக்கமும் தெறித்துப் போகும், லென்ஸுக்குத் திரும்பி வராது. அதனால்தான் முகம் சுண்ணாம்பாகவும் வண்டி இருட்டாகவும் வந்தது. ஃபிளாஷின் சக்தியை நாலு மடங்கு கூட்டினாலும் இப்படித்தான் வரும்.

வண்டிக்கு வேண்டியது, அதன் உடம்பில் பிரதிபலிக்க அகலமாக, மென்மையாக ஏதாவது ஒன்று. இருப்பதிலேயே அகலமானது வானம். ஆகவே ஒன்பது மணியை விட்டுவிட்டு, சூரியன் மறைந்து 15 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். கண்ணுக்கு இருட்டிவிட்டது போலத் தோன்றும், ஆனால் கேமராவுக்கு வானம் இன்னும் நீலமாக இருக்கும். கூரையின் வளைவிலும் மட்கார்டின் முதுகிலும் ஒரு வெளிர் கோடு ஓடும். வண்டியின் உருவத்தை அந்தக் கோடுதான் வரைகிறது. நேரம் கொஞ்சம்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர்களில் அந்திவெளிச்சம் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். துருவப் பக்கம் போகப் போக நிதானமாக இறங்கும். எந்த ஊராக இருந்தாலும் கேமரா, ஃபிளாஷ், ஆட்கள் நிற்கும் இடம் எல்லாவற்றையும் வெளிச்சம் இருக்கும்போதே முடிவுசெய்து, தரையில் சாக்பீஸால் குறித்து வையுங்கள்.

அடுத்தது முகம். யாராலும் 10 வினாடி அசையாமல் நிற்க முடியாது. மூச்சை மெல்ல விட்டு, உடம்பை எதன்மேலாவது சாய்த்திருந்தால் ஒன்றரை, இரண்டு வினாடி முடியும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 400, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 4, இரண்டு வினாடியில் தொடங்குங்கள். வானம் மங்க மங்க ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள், ஷட்டர் நேரத்தை நீட்டாதீர்கள். முகத்தைக் கூர்மையாகப் பதிய வைப்பது ஃபிளாஷ், ஏனென்றால் அதன் மின்னல் ஆயிரத்தில் ஒரு வினாடிக்கும் குறைவு. மீதி நேரம் முழுக்க வானமும் வண்டியும் மெல்லப் பதியும். ஒரே எச்சரிக்கை: அவர்கள் தலைக்குப் பின்னால் பிரகாசமாக எதுவும் இருக்கக் கூடாது. அந்தத் தெருவிளக்கு முகத்துக்குப் பின்னால் வந்தால், தலை கொஞ்சம் அசைந்தாலும் விளக்கு முகத்துக்குள் தெரிந்து பேய் போல வரும். ஃபிளாஷ் அடித்ததும் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். ஷட்டர் மூடும் சத்தம் கேட்கும்வரை இருக்கச் சொல்லுங்கள்.

ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிவிடுங்கள். வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்றை ஒரு கம்பில் கட்டி, அவர்களுக்குப் பக்கவாட்டில் இரண்டு மீட்டர் தள்ளித் தொங்கவிட்டு, ஃபிளாஷை அதன் பின்னாலிருந்து அடியுங்கள். சக்தி 1/16 போதும். விரிப்பு முகத்துக்கு மென்மையான வெளிச்சம் தரும், வண்டியின் பக்கவாட்டிலும் நீண்ட வெள்ளைப் பட்டையாகப் பிரதிபலிக்கும். விரிப்பை ஒரு அடி நகர்த்தினாலே அந்தப் பட்டை கதவில் எப்படி ஊர்கிறது என்று பாருங்கள். நான் ஒரு மாலை முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

24 மி.மீ. லென்ஸைப் பையிலேயே விட்டுவிடுங்கள். கிட்டப் போய் அதில் எடுத்தால் வண்டியின் அருகில் இருக்கும் பாகம் வீங்கிவிடும், பீட்டிலின் உருண்டை கெட்டுப்போகும். 50ஐ மாட்டிப் பின்னால் போங்கள், கேமராவை இடுப்பளவுக்கு இறக்குங்கள். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். டார்ச் அடித்துக் கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள். போலரைசர் வாங்கச் சொல்லி யாராவது எழுதுவார்கள். கண்ணாடியின் பளபளப்பையும் பெயின்டின் பளபளப்பையும் அது குறைக்கும், குரோமை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அதனால் வடிகட்ட முடியாது. கூடவே ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் விழுங்கிவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). இங்கே நமக்கு வேண்டியதே பிரதிபலிப்புதான்.

இவ்வளவும் தொழில்நுட்பம். உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. இன்ஜின் மூடியில் தொங்கும் அந்தக் கைவிளக்கைப் பற்றி நீங்களே எழுதிவிட்டு, மூன்று ராத்திரியிலும் அதை வெளியே எடுக்காமல் இருந்திருக்கிறீர்கள்! அதை எடுங்கள். இருவரையும் வண்டிக்கு முன்னால் நிறுத்தாதீர்கள், பின்னால் கொண்டுபோங்கள். இன்ஜின் மூடியைத் திறந்து விளக்கைத் தொங்கவிடுங்கள். அந்த மாதிரி விளக்குகளில் கூண்டின் ஒரு பக்கம் தகரத் தடுப்பு இருக்கும், அதைக் கேமரா பக்கம் திருப்பிவிட்டால் பல்ப் படத்தில் வெளுக்காது, முகத்திலும் இன்ஜினிலும் மட்டும் வெளிச்சம் விழும். அது மஞ்சள் வெளிச்சம், ஏறத்தாழ 2,700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்). ஃபிளாஷின் வெண்மை அதோடு ஒட்டாது. ஃபிளாஷ் முகப்பில் ஆரஞ்சு ஜெல் தாள் ஒன்றை ஒட்டினால் 3,200 கெல்வின் அளவுக்கு இறங்கிவரும், போதும். கேமராவில் வெள்ளைச் சமநிலையை 3,800இல் வையுங்கள். விளக்கு சூடாகவே இருக்கும், வானம் இன்னும் ஆழ்ந்த நீலமாகும்.

பின்எஞ்சின்:

நான் போட்டோக்காரன் இல்ல. 1965 பீட்டில் ஒண்ணு என்கிட்ட இருக்கு, அதனால வண்டி பக்கத்துல இருந்து சொல்றேன். அந்தத் தங்கச்சி பயந்தது நியாயம்தான், ஆனா வண்டிக்கு ஒண்ணும் ஆகலன்னு அவங்ககிட்ட முதல்ல சொல்லுங்க.

1963 வண்டி 6 வோல்ட். ஹெட்லைட் லோ பீம் 40 வாட், ரெண்டு சேர்ந்தா 80. ஆறு வோல்ட்ல அது 13 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதே வாட்டுக்கு 12 வோல்ட் வண்டி இழுக்கறதைப் போல ரெண்டு மடங்கு. இன்ஜின் ஓடிட்டு இருக்கே, சார்ஜ் ஆகும்னு நினைச்சிருப்பீங்க. இதுல இருக்கிறது டைனமோ. ஐட்லிங்ல அது தேவையான அளவு கொடுக்காது, மீட்டர்ல சிவப்பு விளக்கு மினுக்குறதே அதுக்குத்தான். பேட்டரியும் பழசா, முழு சார்ஜ் இல்லாம இருந்தா இருபது நிமிஷத்துல இறங்கிடும்.

லைட் சுவிட்சை ஒரு படி மட்டும் வெளிய இழுக்கச் சொல்லுங்க. பார்க்கிங் லைட்டும் பின்னாடி சிவப்பு விளக்கும் மட்டும் எரியும். ரெண்டு வினாடி ஷட்டருக்கு அதுவே நல்லாத் தெரியும். ஹெட்லைட் எரிஞ்சுதான் ஆகணும்னா, ஷட்டர் திறந்திருக்கும்போது டக்குனு போட்டு டக்குனு அணைக்கச் சொல்லுங்க. அரை வினாடி வெளிச்சம் போதும், வெள்ளை ஓட்டை குறையும். ஹெட்லைட் எரியறப்போ ரொம்பப் பழுப்பா இருந்தா எர்த் வயர் பிடிக்கிற இடங்களைக் கழட்டி, உப்புத்தாள் போட்டு சுத்தம் பண்ணிப் பார்க்கட்டும். ஆறு வோல்ட்ல அரை வோல்ட் வழியில போனாலும் கண்ணுக்குத் தெரியும்.

மெதுஷட்டர் சொன்ன கைவிளக்கு யோசனை எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். பழைய குண்டு பல்பை இன்ஜின் பக்கத்துல தொங்கவிட்டு கார்புரேட்டரைக் கழட்டாதீங்க. அது நெருப்பா சுடும், கீழ விழுந்து உடைஞ்சா பெட்ரோல் ஆவியில பத்திக்கும். ஆறு வருஷம் ஒண்ணும் ஆகலைங்கிறது அவங்க நல்ல நேரம். அதே கூண்டுல மஞ்சள் எல்ஈடி பல்ப் போடுங்க, டப்பாவுல 2,700 கெல்வின்னு போட்டிருக்கறதைப் பார்த்து வாங்குங்க. பார்க்க அதே விளக்குதான். இன்ஜினை முழுசா ஆற விட்டுத்தான் படம். மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜின் ஓட்டவே ஓட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அப்புறம், யாரையும் மட்கார்டு மேல உட்கார வைக்காதீங்க. ஜீன்ஸ் பட்டன் ஒரு தடவை உரசினா போதும், ஆறு வருஷ உழைப்புல கோடு விழுந்துடும். பக்கத்துப் படியில உட்காரலாம், அதுல ரப்பர் இருக்கு.

ஒருலென்ஸ்:

மேலே சொன்னதெல்லாம் சரி. என் கருத்து கொஞ்சம் வேறு. அவர்களை இரண்டு வினாடி அசையாமல் நிற்கச் சொல்லும்போதே அவர்கள் படத்துக்காக நிற்பவர்களாகிவிடுவார்கள். ஃபிளாஷில் சில படங்கள் எடுத்து முடித்ததும் அதை அணைத்துவிடுங்கள். கேமராவை ட்ரைபாடிலிருந்து கழற்றுங்கள். எஃப் 1.8, ஐஎஸ்ஓ 3200, 1/30 வினாடி, அந்தக் கைவிளக்கு மட்டும். அவர்களை உண்மையாகவே ஏதாவது வேலை செய்யவிட்டுச் சும்மா பக்கத்தில் இருங்கள். கொஞ்சம் மணல் மணலாக நாய்ஸ் வரும், வரட்டும். எல்ஈடியாக இருந்தால் மட்டும் ஷட்டரை 1/100 வினாடியை விட வேகமாக வைக்காதீர்கள், சில மலிவான பல்புகள் துடிக்கும், படத்தில் வரி வரியாகப் பட்டை விழும். ஃபைல்களை ரா வடிவத்தில் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் வடிவம்) வைத்திருங்கள்.

நிழல்பிடி:

எல்லாருக்கும் நன்றி. நேத்து எடுத்தாச்சு. என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன்.

பின்எஞ்சின் அண்ணா எழுதினதை அவகிட்ட அப்படியே படிச்சுக் காட்டினேன். டைனமோ விஷயம் அவளுக்கு முன்னாடியே தெரியும், ஆனா எர்த் வயர் சந்தேகம் வந்து அன்னைக்கே கழட்டிப் பார்த்தா. பேட்டரியில இருந்து பாடிக்கு வர்ற பட்டை வயர் பிடிக்கிற இடத்துல பெயின்ட் அடிச்சு வெச்சிருந்தாங்க, அதுக்கு மேலயே போல்ட் முடுக்கியிருந்துச்சு. சுரண்டி மாட்டினதும் ஹெட்லைட் வெளிச்சம் நல்லாவே கூடிடுச்சு. படம் வர்றதுக்கு முன்னாடியே வண்டிக்கு ஒரு நல்லது நடந்துடுச்சு. பல்பும் மாத்தியாச்சு.

சூரியன் மறைஞ்சு 15 நிமிஷத்துல ஆரம்பிச்சோம். விரிப்பைக் கட்டறதுலயும் காத்துல அது பறக்காம இருக்கக் கீழ கல்லு வைக்கிறதுலயும் அஞ்சு நிமிஷம் போயிடுச்சு, அதைத்தான் முன்னாடியே முடிச்சிருக்கணும். ஆனா மெதுஷட்டர் ஐயா சொன்ன அந்த வெள்ளைப் பட்டை மட்கார்டுல விழுந்தப்போ நண்பன் வாய்விட்டே, "டேய், இந்த வளைவை நான் இத்தனை வருஷத்துல பார்த்ததே இல்லடா"ன்னான். அவன் கையால உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மட்கார்டு அது.

ட்ரைபாட்ல பதினோரு படம். ஒன்றரை வினாடி, எஃப் 4, ஐஎஸ்ஓ 400ல ஆரம்பிச்சு 1600ல முடிஞ்சுது. ஏழுல முகம் கூர்மையா இருக்கு. வானம் நீலம், பின்விளக்கு சிவப்பு, இன்ஜின் பக்கம் மஞ்சள். மூணு ராத்திரியா நான் தேடின படம் அதுதான். வீல் கப்புல நானும் ட்ரைபாடும் குட்டியாத் தெரியறோம், அதை எடிட்டிங்ல மறைச்சுட்டேன்.

அப்புறம் ஒருலென்ஸ் சொன்ன மாதிரி ஃபிளாஷை அணைச்சேன். வானம் அதுக்குள்ள முழுசா இருட்டிடுச்சு. என்ன வேலை செய்யச் சொல்றதுன்னு நான் யோசிச்சிட்டே இருந்தேன். அவ பாட்டுக்குக் குனிஞ்சு உள்ள எதையோ பார்த்தவ, டைனமோ பெல்ட் தளர்வா இருக்குன்னு சொன்னா. வலது கையைத் திரும்பிப் பார்க்காமலே பின்னாடி நீட்டினா. அவனும் அவ முகத்தைப் பார்க்கல, என்ன வேணும்னு கேட்கவும் இல்ல, ஸ்பேனரை எடுத்து அந்தக் கையில வெச்சான். 1/30 வினாடி. விரிப்பு அங்கேயே தொங்கிட்டிருந்ததால கைவிளக்கு வெளிச்சம் அதுல பட்டு, மட்கார்டு முதுகுல மெல்லிசா ஒரு மஞ்சள் கோடு மட்டும் நிக்குது. மத்த வண்டியெல்லாம் இருட்டு. அவ முகம் பாதிதான் தெரியுது. ஸ்பேனரைப் பிடிச்சிருக்கிற ரெண்டு கையும் நல்லாத் தெரியுது.

ரெண்டு படத்தையும் காட்டினேன். ரெண்டு பேரும் தனித்தனியா ஸ்பேனர் படத்தைத்தான் கேட்டாங்க. ஷெட்டுக்குள்ள ஆணியில டூல்ஸ் மாட்டற பலகைக்கு மேல வைக்கணுமாம். 16க்கு 24 அங்குலம். இப்ப கடைசிக் கேள்வி: கருநீலமும் இருட்டும்தான் படமே. மேட் பேப்பர்ல போட்டா அந்த நீலம் செத்துப்போகுமா? பளபளப்பான பேப்பர்ல போட்டா ஷெட் விளக்கு அதுல அடிக்குமே?

மெதுஷட்டர்:

சாதாரண மேட் பேப்பரில் கறுப்பு அவ்வளவு ஆழமாக இறங்காது, கருநீலமும் கறுப்பும் ஒன்றோடொன்று கலந்து சாம்பலாகத் தெரியும். முழுப் பளபளப்பில் நீங்கள் பயப்படுவது போலவே விளக்கு கண்ணைக் குத்தும். இரண்டுக்கும் நடுவே, மேற்பரப்பில் பொடி நெளிவு உள்ள லஸ்டர் பேப்பர் இருக்கிறது, அதில் போடுங்கள்.

திரை தானே ஒளிர்வது, காகிதம் அப்படியல்ல. திரையில் சரியாகத் தெரியும் இருட்டுப் படம் அச்சில் இன்னும் இருண்டுபோகும். கறுப்பைத் தொடாமல், அந்த மட்கார்டு கோட்டுக்குக் கீழே இருக்கும் நீலத்தை மட்டும் அரை ஸ்டாப் தூக்குங்கள். முழு அளவில் போடுவதற்கு முன்பு, தங்கையின் முகமும் மட்கார்டும் வரும் துண்டை மட்டும் ஒன்று அப்படியும், ஒன்று கால் ஸ்டாப், ஒன்று அரை ஸ்டாப் கூட்டியும் சின்னதாக அச்சிட்டு வாங்குங்கள். மூன்றையும் ஷெட்டுக்கு எடுத்துப்போய் அந்தப் பலகைக்கு மேல் குத்தி, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், அந்த வெளிச்சத்திலேயே பார்த்து எடுங்கள்.